குடும்ப அலகின் இரத்தம்

லாபிருக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்தபோது அவரைத் தவிர வேறு யாரும் ஆச்சரியப்படவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலையில், படகுகளுக்கு ஐஸ் கட்டிகளை உடைத்து ஏற்றிக் கொடுப்பது அவருடைய வேலை. நாள் முழுக்கக் குளிருக்குள் நிற்கிற மனிதன் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால்தான் உடம்பு தாங்கும் என்று அவர் மனதார நம்பினார். அந்தக் கொஞ்சம் என்பது காலையில் இரண்டு பேருக்கு அவித்த புட்டு, மத்தியானம் கோப்பை நிறையக் குவித்த சோறு, இடையிடையே சீனி கலந்த ரின்பால் ஊற்றிய தேநீர். வைத்தியர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு மருந்துக் குளிசை எழுதிக் கொடுத்தார். லாபிர் குளிசையைப் போட்டுக்கொண்டு, புட்டில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டு, ஒருவாறு காலத்தை ஓட்டியிருப்பார்.

அந்த நேரத்தில்தான் சமநிலை நிலையம் ஊருக்கு வந்தது.

சுனாமிக்குப் படகு கொடுக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். சண்டைக்குப் பிறகு கொட்டில் கட்டிக் கொடுக்க வந்தவர்களும் போய்விட்டார்கள். திருகோணமலையில் இனி மிஞ்சியிருக்கும் துன்பம் சீனி வருத்தம் ஒன்றுதான் என்று எங்கேயோ யாரோ தீர்மானித்திருக்க வேண்டும். உட்துறைமுகம் தெரியும்படியாக ஒரு மேல்மாடி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, குளிரூட்டி பூட்டி, 'நீரிழிவு முகாமைத்துவச் சமூகச் செயலமர்வு' என்று பெரிய பதாகை கட்டினார்கள். அந்தப் பகுதி நோயாளிகள் எல்லோரும் கிளினிக்கிலிருந்து நிலையத்துக்கு மாற்றப்பட்டார்கள். நோயாளி என்ற சொல்லும் அன்றோடு நின்றது. இனி அவர்கள் பயனாளிகள்.

நிலையத்தின் இணைப்பாளர் சுகிர்தன் இளைஞர்; நன்றாக உடுத்துபவர்; பேசும்போது கையை வயிற்றுக்கு நேரே கோத்துக்கொள்பவர். மாதத்துக்கு ஒரு செயலமர்வு, அது முடிந்த பிறகுதான் குளிசை என்பது அவர் வைத்த சட்டம்.

"குளிசையை மட்டும் குடுத்தா சனம் குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு போயிடும்," என்று அவர் விளக்கினார். "பிறகு நாங்கள் என்னத்துக்கு?"



முதல் செயலமர்வுக்குக் காலையிலேயே வெறும் வயிற்றோடு வரவேண்டும், ஒரு பராமரிப்பாளரையும் கூட்டிவர வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். பராமரிப்பாளர் என்றால் யார் என்று லாபிர் தன் மனைவி பரீதாவிடம் கேட்டார்.

"அது நான்தான்," என்றாள் பரீதா. கலியாணம் கட்டிய நாளிலிருந்து செய்துவரும் வேலைக்கு இப்படியொரு பெயர் இருப்பது அவளுக்கும் புதினமாகத்தான் இருந்தது.

வெறும் வயிற்றோடு வந்தவர்களைக் கதிரைகளில் இருத்திவிட்டுப் பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்தார்கள். அவர் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். குளிரூட்டி அதை அணைத்தது. மறுபடி ஏற்றினார்கள். குர்ஆனிலிருந்து கிராஅத் ஓதப்பட்டது, தேவாரம் பாடப்பட்டது, பைபிள் வாசிக்கப்பட்டது. பிறகு எல்லோரும் எழுந்து மௌனம் காத்தார்கள். யாருக்காக என்று சொல்லப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மரக்கறி வேடம் போட்டு ஆடினார்கள். பாவற்காய் சீனியைத் துரத்த, சீனி வேடம் போட்ட சின்னப் பிள்ளை உண்மையாகவே பயந்து அழுதது.

பிரதம விருந்தினர் நீண்ட நேரம் பேசினார். "சீனி வருத்தம் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பார்ப்பதில்லை. ஏழை பணக்காரன் என்றும் பார்ப்பதில்லை. அந்த வகையில் அது நல்லிணக்கத்துக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. இந்த வாய்ப்பை நாங்கள் குணமாக்கி வீணடித்துவிடக் கூடாது" என்று அவர் சொன்ன இடத்தில், லிங்கநகரிலிருந்து வந்திருந்த கனகம்மா கதிரையிலிருந்து வழுக்கி விழுந்தார். அவருக்கு அவசரமாகச் சீனி கரைத்துப் பருக்கினார்கள். அவர் கண் திறந்ததும், அவருடைய இரத்தத்தை முதலாவதாகச் சோதித்து, சீனி கூடிப்போயிருக்கிறது என்று கண்டித்தார்கள்.

அடுத்தது லாபிர். சோதிப்பது நிலையத்தின் உதவியாளர் நிவேதிகா, கம்பஸில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக் களைத்து இங்கே வந்தவள். அவள் லாபிரின் விரலில் குத்தினாள். இரத்தம் வரவில்லை. வேறு விரலில் குத்தினாள். அங்கேயும் இல்லை.

"ஐயா, உங்கட விரல் கல்லு மாதிரி இருக்கு."

"ஐஸ் புடிச்ச விரல் மகள். அப்பிடித்தான் இருக்கும்," என்றார் லாபிர், தன்னால் ஒரு பிள்ளைக்குக் கரைச்சல் என்ற வருத்தத்தோடு.

பிரதம விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். படம் எடுப்பவர் கமராவைக் கண்ணிலிருந்து இறக்காமல் நின்றார். "என்ன நிவேதிகா, ஒரு துளி இரத்தத்துக்கு இவ்வளவு நேரமோ?" என்று சுகிர்தன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பரீதாவுக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் கையை நீட்டினாள். "மகள், என்ட விரல்ல எடுங்களன். நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதானே தின்னுறம். அவர்ர உடம்புல ஓடுறதுதான் என்ட உடம்புலயும் ஓடும்."

அவள் இதைக் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். நிவேதிகா சிரித்துவிட்டாள். சுகிர்தன் சிரிக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. நிலையத்தின் வழிகாட்டியில் ஒரு வசனம் உண்டு: 'பயனாளி என்பவர் தனிமனிதர் அல்லர், ஒரு குடும்ப அலகு.' அதை எழுதியவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ, சுகிர்தனுக்கு அதன் பொருள் அன்றுதான் பிடிபட்டது.

"இதைத்தான் நான் இவ்வளவு நாளாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றார். "எடும் நிவேதிகா, எடும். அலகு ஒண்டுதானே."

பரீதாவின் விரலில் இரத்தம் உடனே வந்தது. அளவு பிரமாதமாக இருந்தது. லாபிரின் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள், பிரதம விருந்தினர் லாபிரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், படம் எடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் கேக்கும் இனிப்புத் தேநீரும் கொடுத்தார்கள். லாபிர் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டார். சோதித்து முடிந்துவிட்டது என்ற நிம்மதி அவருக்கு.

வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் மனம் கொஞ்சம் உறுத்தியது. "அவங்கட ஆக்களே சரியெண்டு சொல்லக்குள்ள நமக்கென்ன," என்று பரீதாவிடம் சொன்னார். அவளும் ஓம் என்றாள். உறுத்தல் அடங்கிவிட்டது.

அடுத்த செயலமர்வுக்கு முந்தின கிழமை ஒரு கலியாண வீடு. பெண்கள் பக்கத்தில் பரீதா கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் சாப்பிடுவதை லாபிர் வாசல் வழியாகக் கண்டுவிட்டார். அவரும் அப்போது வட்டிலப்பம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இரண்டாவது தரம். வீட்டுக்கு வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"கிழம கழிச்சு இரத்தம் குடுக்கிற நீ. இப்பிடியா திங்கிற? என்ட சீனியில உனக்குக் கொஞ்சமும் கவனமில்லையா புள்ள?"

பரீதா திகைத்துப் போனாள். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகத்தான் பட்டது. அவருடைய மானம் அவளுடைய விரலில் இருந்தது. அன்றிலிருந்து அவள் சீனியைத் தொடவில்லை. பிறகு புட்டை விட்டாள். பிறகு இரவில் சோற்றை விட்டாள். வல்லாரையும் பாவற்காயும் அவித்து, உப்புக்கூட யோசித்துப் போட்டுச் சாப்பிட்டாள். இரண்டு பேருக்குச் சமைத்துப் பழகிய கைக்குச் சோற்றைக் குறைத்துப் போடத் தெரியவில்லை. மிஞ்சியதை வீணாக்குவது பாவம் என்று லாபிர் சாப்பிட்டார்.

இரண்டாம் மாதம் அளவு இன்னும் சிறப்பாக வந்தது. மூன்றாம் மாதம் லாபிரின் சட்டையில் 'முன்மாதிரிப் பயனாளி' என்று ஒரு பட்டி குத்தி, ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லச் சொன்னார்கள்.

லாபிர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். பரீதா சாப்பிடுவதை அப்படியே சொன்னார். காலையில் ஒரு கோப்பை குரக்கன் கூழ், மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, கீரை, ஒரு துண்டு மீன், இரவில் அவித்த பயறு, பின்னேரம் கடற்கரையில் நடை. நடப்பதும் பரீதாதான். சபை கேட்டுக்கொண்டிருந்தது. லாபிருக்குப் பசித்தது.

பேச்சு முடிந்ததும் சோமசேகரம் வந்து, நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கையைப் பிடித்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அன்புவழிபுரத்தில் வீடு, சீனி ஏறி, கண் மங்கத் தொடங்கியிருந்த மனிதர்.

"நானா, இவங்கட கதையில எனக்கு ஒண்டும் விளங்குறேல்ல. நீங்கள் சொன்னதுதான் விளங்கினது. அப்பிடியே செய்யப்போறன்."

"செய்ங்க ஐயா," என்றார் லாபிர்.

அன்று மத்தியானச் சாப்பாடும் செயலமர்வின் ஒரு பாடம். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி இறைச்சி, கால்வாசி சோறு என்பது உலகம் முழுக்கச் சொல்கிற முறை. சுகிர்தன் அதை இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தார். முஸ்லிம் கலியாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தாம்பாளத்தில் சாப்பிடுவார்களே, சஹன் என்று, அதைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சஹனிலும் ஒரு பாதியில் மரக்கறி, ஒரு காலில் கோழி, ஒரு காலில் சோறு என்று கோடு போட்டதுபோல் பரப்பியிருந்தது.

சஹனில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. அவரவர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும். கையை நீட்டி அடுத்தவர் பக்கம் துழாவக் கூடாது. இதைச் சுகிர்தனுக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. படத்துக்காக ஆட்களை அவரே இடம் பார்த்து இருத்தினார். முன்மாதிரிப் பயனாளி என்பதால் லாபிருக்குக் கமராவுக்கு நேரான இடம் கிடைத்தது. அது சோற்றுப் பக்கம். விரத நாளென்று மச்ச மாமிசம் தொடாத சோமசேகரத்துக்குக் கோழிப் பக்கம். மற்ற நால்வரும் மரக்கறிக்கு முன்னால் இருந்து ஆடுபோல் மென்றார்கள்.

"ஐயா, நீங்க ஏன் சும்மா இருக்கிறீங்க? இஞ்சால கொஞ்சம் எடுங்க," என்று லாபிர் தன் பக்கத்துச் சோற்றைத் தள்ளப் பார்த்தார்.

"குழப்ப வேண்டாம்," என்று சுகிர்தன் ஓடிவந்தார். "சஹன் சமநிலையில இருக்கு. மொத்தமாப் பாக்கவேணும். ஆறு பேரும் சேர்ந்து சரியான அளவுதான் சாப்பிடுறீங்கள்."

லாபிர் அந்தச் சோறு முழுவதையும் தனியாகச் சாப்பிட்டு முடித்தார். பெண்கள் பக்கத்தில், கீரைக்கு முன்னால் இருத்தப்பட்ட பரீதா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவர் கண்டார். கடைசிக் கவளத்தைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு அதையும் வாயில் போட்டார்.

அளவு நன்றாக இருந்ததால் லாபிரின் குளிசையைப் பாதியாகக் குறைத்தார்கள். அது ஒரு பரிசாக, கைதட்டலோடு அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு அவருக்குத் தண்ணீர் குடித்துத் தாகம் தீரவில்லை. பாதங்கள் மரத்தன. ஒருநாள் பரீதா குசினியில் சிவப்பாகக் காலடித் தடங்களைக் கண்டு பதறினாள். ஐஸ் இழுக்கும் கொளுக்கி அவருடைய பாதத்தைக் கிழித்திருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. விரலில் வராத இரத்தம் காலில் தாராளமாக வந்தது.

காலுக்கு மருந்து கட்டிய தாதி கண்டிப்பாகச் சொன்னாள். "சீனி இறங்காம இந்தக் காயம் காயாது. இப்பிடியே விட்டா பெருவிரல எடுக்கவேண்டி வரும்."

வேலைக்குப் போகாமல் வீட்டில் கால் நீட்டி இருந்த அந்த நாட்களில்தான் லாபிர் தன் மனைவியைப் பார்த்தார். முன்பும் பார்த்திருக்கிறார், ஆனால் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலாகப் பார்த்தது. இப்போது அவளுடைய காப்பு முழங்கை வரை ஏறி இறங்கியது. குடத்தைத் தூக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சீனி வந்ததற்கு அவள் மெலிந்துகொண்டிருந்தாள்.

"நீ கொஞ்சம் சோறு தின்னன் புள்ள."

"அடுத்த மாசம் கொழும்புல இருந்து நிலையத்துப் பணிப்பாளர் வாறாராம். அது முடியட்டும்."

அதே நாட்களில் சோமசேகரம் ஒரு கட்டுப் பொன்னாங்காணியோடு பார்க்க வந்தார். சைக்கிளில் வந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. "எனக்குச் சீனி இறங்கிட்டுது நானா. கண்ணும் பரவாயில்ல. எல்லாம் உங்கட புண்ணியம்," என்றார். பிறகு லாபிரின் காலைப் பார்த்தார். "இதென்ன?"

"ஐஸ் வெட்டினது," என்றார் லாபிர்.

சோமசேகரம் குசினிப் பக்கம் திரும்பி, "இப்பிடியொரு மனிசன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கோணும் தங்கச்சி," என்று உரத்துச் சொன்னார். உள்ளே பாவற்காய் அரிந்துகொண்டிருந்த பரீதா, ஓம் என்றாள். லாபிருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்று தோன்றியது. அன்று அவர் முடிவெடுத்தார். பணிப்பாளர் வரும் நாளில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது. பரீதாவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் தடுப்பாள்.

பணிப்பாளர் வந்த நாளில் மண்டபத்துக்கு வாழை கட்டியிருந்தார்கள். சுவரில் லாபிரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பணிப்பாளர் அதன் கீழே நின்று பேசினார்.

"எங்கள் செயலமர்வுக்கு வந்த அனைவரும் குணமடைந்திருக்கிறார்கள். குணமடையாதவர்களின் நிலை என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களை நாங்கள் வந்தவர்களாகக் கருதுவதில்லை. குணமடைந்தவரை நாங்கள் கைவிட்டுவிடுவோம் என்றும் யாரும் அஞ்ச வேண்டாம். அவருக்கு இனி மருந்து கிடைக்காது. ஆனால் அவருடைய படம் எங்களிடம் என்றும் இருக்கும்."

பிறகு லாபிரை மேடைக்கு அழைத்தார்கள். பழக்கப்படி பரீதாவும் விரலை நீட்டியபடி பின்னால் வந்தாள். லாபிர் அவளை விலக்கிவிட்டுத் தன் விரலை நீட்டினார். வேலைக்குப் போகாமல் இருந்ததில் விரல் இளகியிருந்தது. நிவேதிகா குத்தினாள், இரத்தம் வந்தது. மெஷினைப் பார்த்த நிவேதிகா சுகிர்தனைப் பார்த்தாள். சுகிர்தன் மெஷினைப் பார்த்தார்.

"மெஷின் பழுது," என்றார்.

இன்னொரு மெஷின் வந்தது. அதுவும் அதையே காட்டியது. "கடல்காத்து இதுகளுக்கு ஒத்துவராது," என்று சுகிர்தன் பணிப்பாளரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பெட்டி உடைக்காத புது மெஷினை எடுத்துவரச் செய்தார். புது மெஷின் முந்தின இரண்டையும் விடக் கூடுதலாகக் காட்டியது. பணிப்பாளரின் புன்னகை இறுகியது.

"சேர், மெஷினைச் சரிபாக்க நம்பகமான இரத்தம் ஒண்டு வேணும்," என்றார் சுகிர்தன். பரீதாவின் விரலைப் பிடித்தார்கள். அளவு அழகாக வந்தது. புது மெஷின் திருந்திவிட்டது என்று அறிவித்தார்கள். சபை கைதட்டியது.

லாபிர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சேர், அது இவட இரத்தம். முதல் மாசத்துல இருந்து இவட இரத்தம்தான். எனக்குச் சீனி இறங்கேல்ல. கூடிட்டு. நான் திண்டனான் சேர். இவட சோத்தையும் சேத்துத் திண்டனான். இவ எனக்காகப் பட்டினி கிடந்தவ. நான் சொன்ன சாப்பாடெல்லாம் இவ சாப்பிட்டது. எனக்கு இந்தப் படம் வேணாம்."

கனகம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சோமசேகரம் எழுந்தே நின்றுவிட்டார். லாபிருக்கு, இத்தனை மாதத்துக்குப் பிறகு, நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

பணிப்பாளர் மெதுவாக வந்து அவருடைய தோளில் கை போட்டார். ஒலிவாங்கியை வாங்கினார்.

"கேட்டீர்களா?" என்றார் தழுதழுத்த குரலில். "தன் வெற்றி முழுவதையும் மனைவிக்கு விட்டுக்கொடுக்கிறார். இந்தப் பணிவுதான் சமநிலை. இப்படியொரு மனநிலை வந்துவிட்டால் இவருக்கு இனி மருந்து எதற்கு?"

கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 'முழுமையாகச் சமநிலை அடைந்தவர்' என்ற சான்றிதழை லாபிரின் கையில் கொடுத்து, அவரைத் திட்டத்திலிருந்து வெற்றிகரமாக வெளியேற்றினார்கள்.

அடுத்த மாதம் குளிசைக்குப் போனபோது நிவேதிகா தலையைக் குனிந்துகொண்டாள். "ஐயா, உங்களுக்குக் குளிசை தர ஏலாது. நீங்கள் சுகமானவர். சுகமானவருக்குக் குளிசை குடுத்தா, சுகமாகேல்ல எண்டு ஆயிடும்."

கிளினிக்குக்குப் போனார். அவருடைய பெயரை நிலையத்துக்கு மாற்றியாயிற்று, அங்கேதான் போகவேண்டும் என்றார்கள். மருந்துக்கடையில் வைத்தியர் மருந்து எழுதிய துண்டைக் கேட்டார்கள். துண்டு நிலையத்தில் இருந்தது. காயம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வாங்க," என்றாள் பரீதா. "நிலையத்துக்கே போவம்."

"என்னத்துக்கு? நான்தான் சுகமானவனே."

"நான் சுகமாகேல்லையே."

நிலையத்தில் நிவேதிகா தனியாக இருந்தாள். பரீதா நேரே போய் மேசைக்கு முன்னால் நின்றாள். "மகள், என்ட பேரையும் பதிங்க. எனக்குச் சீனி வருத்தம்."

"உங்களுக்கா அன்ரி? உங்கட இரத்தம் எவ்வளவு நல்ல இரத்தம்."

"அது இவர்ர பேருக்கு எடுத்தது மகள். என்ட பேருக்கு ஒருக்காலும் எடுக்கேல்லையே."

நிவேதிகா யோசித்தாள். சட்டப்படி அதில் பிழை இல்லை. "அப்ப விரலைத் தாங்கோ."

பரீதா லாபிரின் கையைப் பிடித்து மேசையில் வைத்தாள். "என்ட விரல்ல இனிக் குத்த இடமில்ல. இவர்ர விரல்ல எடுங்க. அலகு ஒண்டுதானே."

நிவேதிகா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு ஊசியை எடுத்தாள். மெஷின் காட்டிய அளவை எழுதிக்கொண்டிருக்கும்போது சுகிர்தன் உள்ளே வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, இது என்ன அளவு? நீங்கள் மனிசரோ?" என்றார். "உங்கட மனிசனைப் பாருங்கோ. அதே வீடு, அதே சட்டி. அவர் வாயைக் கட்டிச் சீனிய வெண்டு, சுவரில படமா நிக்கிறார். நீங்கள் சோத்தைக் கண்டா விடமாட்டீங்கள் போல. அவரைப் பாத்தும் உங்களுக்கு ஒரு வெக்கம் வரேல்லையோ?"

சுவரில் லாபிர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பரீதா, தோளில் நில்லாமல் வழுகும் அபாயாவை இழுத்துவிட்டபடி தலை குனிந்து நின்றாள். எலும்பு தெரியும் அந்தக் கையைச் சுகிர்தன் பார்க்கவில்லை. அவர் அளவைத்தான் பார்த்தார்.

"பிழைதான் சேர்," என்றாள் பரீதா. "இனிக் கவனமா இருக்கிறன்."

லாபிர் வாயைத் திறந்தார். பரீதாவின் விரல்கள் அவருடைய மணிக்கட்டை இறுக்கின. உண்மையைச் சொன்னால் குளிசை போய்விடும் என்று அவருக்கும் விளங்கியது.

"லாபிர், நீங்கள்தான் இவவுக்குப் புத்தி சொல்லவேணும்," என்றார் சுகிர்தன். "பக்கத்தில இருந்து, இவ என்ன சாப்பிடுறா எண்டு பாருங்கோ."

"ஓம் சேர்," என்றார் லாபிர்.

நிவேதிகா குளிசைகளை முழு அளவுக்கு எண்ணிப் போட்டு, பரீதாவிடம் நீட்டினாள். பரீதா படியிறங்கி வீதிக்கு வந்ததும் அந்தப் பைக்கற்றை லாபிரின் சட்டைப்பையில் வைத்தாள். எதிரே சோற்றுக் கடையில் மத்தியானக் கூட்டம். அவள் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இஞ்ச பாருங்க. இனி என்ட இரத்தத்த ஆரும் பாக்கமாட்டாங்கதானே?"

"பாக்கமாட்டாங்க."

"அப்ப நான் சோறு தின்னலாம்தானே?"

உத்தரவு கேட்பதுபோல் கேட்டாள். லாபிருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நொண்டிக்கொண்டே போய் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி வந்து அவள் கையில் வைத்தார். துறைமுக வீதியோரத்து மர வாங்கில் உட்கார்ந்து பரீதா அதைப் பிரித்தாள். பழக்கத்தில் பாதியை அவர் பக்கம் ஒதுக்கினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் அந்தப் பாதியைத் திரும்ப இழுத்துக்கொண்டு, குனிந்து, அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். லாபிர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் கேட்கவேண்டும்போல் இருந்தது, அதற்கும் வெட்கப்பட்டார்.